சமூக ஊடகத் தளம் மாறுபவர்களை ஆராய்வது எப்படி? முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மக்கள் ஒரு சமூக ஊடகத் தளத்தை விட்டு இன்னொன்றுக்கு ஏன் போகிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்கோ கட்டுரைக்கோ தலைப்பாக எடுத்திருக்கிறீர்களா? வெளியே இருந்து பார்த்தால் சுலபமான வேலை போலத் தெரியும். நாலு பேரைக் கேட்டால் சொல்லிவிடப் போகிறார்கள். சொல்லவும் செய்வார்கள். ஆனால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், அதுவும் அந்த வாரம் செய்தியில் அடிபட்ட பதிலாக இருக்கும். அந்தப் பதிலுக்குப் பின்னால் போவதுதான் இந்த ஆய்வில் பாதி வேலை. மீதிப் பாதி அனுமதி, படிவம், காத்திருப்பு. இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1. ‘மாறினார்’ என்றால் என்ன என்பதை முதலில் எழுதி வையுங்கள்

கணக்கை அழித்துவிட்டுப் போவோர் சிலரே. பெரும்பாலோர் பழைய கணக்கைப் பூட்டாமல் அப்படியே போட்டுவிட்டுப் புதிய இடத்தில் உட்காருவார்கள். சிலர் இரண்டிலும் இருப்பார்கள்: வேலை விஷயத்துக்கு ஒன்று, அரட்டைக்கு இன்னொன்று. சிலர் போய்விட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வருவார்கள். இன்னும் சிலர் எங்கேயும் போகாமல் சமூக ஊடகத்தையே விட்டுவிடுவார்கள். இத்தனை பேரையும் ‘மாறியவர்கள்’ என்று ஒரே பெட்டியில் போட்டால் முடிவில் எதுவும் தெளிவாக வராது.

அதனால் ஒரு வரையறை வேண்டும். உதாரணத்துக்கு, ‘பழைய தளத்தில் 30 நாள் பதிவே இல்லை, புதிய தளத்தில் வாரம் ஒரு பதிவாவது இருக்கிறது’ என்று வைத்துக்கொள்ளலாம். 30 என்பது நாமாக வைத்த எண்தான், அதில் தவறில்லை. ஆனால் அதையே 60 நாள், 90 நாள் என்று மாற்றிப் பார்த்தாலும் முடிவு நிற்கிறதா என்று சோதித்து, அதையும் அறிக்கையில் எழுதுங்கள். மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு பொறி: பதிவே போடாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள் இந்த வரையறைக்குள் வரவே மாட்டார்கள். அவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நேர்காணலிலோ கேள்வித்தாளிலோதான் அவர்களைப் பிடிக்க முடியும்.

2. தேதியுள்ள ஒரு நிகழ்வைப் பிடியுங்கள்

‘பொதுவாக மக்கள் ஏன் மாறுகிறார்கள்’ என்று தொடங்காதீர்கள். ஒரு தேதி இருந்தால் அதற்கு முன், அதற்குப் பின் என்று ஒப்பிடலாம். எந்த வகை நிகழ்வு என்பதைப் பொறுத்து உங்கள் கேள்வியே மாறிவிடும்.

உரிமையாளர் மாறிய நிகழ்வு ஒரு வகை: ட்விட்டர் 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் கைக்குப் போனது. விதி மாறியது இன்னொரு வகை: டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் 2018 டிசம்பர் 17 முதல் வயது வந்தோருக்கான உள்ளடக்கத்தைத் தடை செய்தது, 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை அறிவிப்பு சிக்னல், டெலிகிராம் பக்கம் பலரைத் தள்ளியது. கட்டணம் காரணமான நிகழ்வும் உண்டு: 2023 ஜூலை 1 முதல் ரெடிட்டின் ஏபிஐ (வெளி நிரல்கள் தளத்தின் தரவை எடுக்கும் வழி) கட்டணம் நடைமுறைக்கு வர, வெளியார் உருவாக்கிய சில செயலிகள் மூடப்பட்டன.

அரசுத் தடை முற்றிலும் வேறு கதை. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, பயனர் ஏன் வெளியேறினார் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எங்கே போனார், ஏன் அங்கே போனார் என்பது மட்டும்தான் கேள்வி. பிரேசிலில் எக்ஸ் தளம் (ட்விட்டரின் புதிய பெயர்) 2024 ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் 8 வரை தடையில் இருந்து மீண்டும் திறந்தது. கதவு மறுபடி திறந்த பிறகு யார் திரும்பினார், யார் புதிய இடத்திலேயே தங்கினார் என்று பார்க்க இது அருமையான வாய்ப்பு. என்னைக் கேட்டால், வெளியேறியதைவிடத் திரும்பி வந்ததுதான் அதிகம் சொல்லும்.

நிகழ்வு பழையதாக இருந்தால் ஆட்களின் ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். அன்று எழுதிய பதிவுகளும், இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்ட அந்தக் காலத்து விதிமுறைப் பக்கங்களும் கையில் இருக்கட்டும்.

3. ஆய்வுக் கேள்வியை எழுதும் முன் தரவுக் கதவைத் தட்டிப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. இணையத்தில் கிடைக்கும் பழைய பயிற்சிக் குறிப்புகள், நிரல்கள் பலவற்றுக்கு உயிர் போய் நாளாகிவிட்டது. அவற்றைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டு, ஒப்புதலும் வாங்கிவிட்டு, பிறகு தரவே கிடைக்காது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

ட்விட்டர் 2021இல் ஆய்வாளர்களுக்கு என்று தனியாகத் தந்த இலவச வாசல் 2023இல் மூடப்பட்டது. அதன் பிறகு வந்த அடிப்படைக் கட்டணத் திட்டம் தொடக்கத்தில் மாதம் 100 டாலர், அதில் படிக்கக் கிடைத்ததோ மாதம் 10,000 பதிவுகள்தான். பின்னர் கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நிதி விண்ணப்பம் எழுதும் அன்றே விலைப் பக்கத்தைத் திறந்து, தேதியோடு படம்பிடித்து இணைத்துவிடுங்கள். ரெடிட் பதிவுகளுக்கு ஆய்வாளர்கள் நம்பியிருந்த புஷ்ஷிஃப்ட் காப்பகமும் 2023இல் பொதுப் பயன்பாட்டிலிருந்து போய்விட்டது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் கிரவுட்டாங்கிள் என்ற, பொதுப் பதிவுகளைப் பின்தொடரும் கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த உள்ளடக்க நூலகத்துக்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. கல்வி நிறுவனமோ லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனமோ பின்னால் இருக்க வேண்டும். விண்ணப்பம் மெட்டாவுக்கு வெளியே உள்ள ஒரு அமைப்பு வழியாகப் பரிசீலிக்கப்படுகிறது. அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலான வேலையை அதற்கென்று உள்ள பாதுகாப்பான கணினிச் சூழலுக்குள்ளேயே செய்ய வேண்டியிருக்கும். தரவை அள்ளிக்கொண்டு வந்து சொந்த மடிக்கணினியில் வைத்து வேலை செய்யலாம் என்ற எண்ணம் வேண்டாம். டிக்டாக்கின் ஆய்வு வாசலும் குறிப்பிட்ட சில நாடுகளின் நிறுவனங்களுக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 40ஆம் பிரிவில், மிகப் பெரிய தளங்கள் ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. பொதுவில் இல்லாத தரவைக் கேட்கும் வழிமுறை 2025 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஒன்றியத்துக்குள் இருக்கும் ஆபத்துகளை ஆராய்வதற்கான வழி. உங்கள் தலைப்பை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்த முடியுமா என்று யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. ட்விட்டர் போன்ற, ஆனால் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களால் ஆன மாஸ்டடானின் ஏபிஐ இலவசம். வழக்கமான வரம்பு 5 நிமிடத்துக்கு 300 கோரிக்கைகள், ஆகவே மெதுவாக எடுக்க வேண்டும். அங்கே ஒருவர் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் அந்தக் குறிப்பு கணக்கிலேயே பதிவாகும். பின்தொடர்வோர் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. பழைய பதிவுகளை விட்டு வந்ததைப் பற்றி உங்கள் நேர்காணலில் கேளுங்கள், நல்ல கேள்வி அது. ட்விட்டருக்கு இன்னொரு மாற்றான புளூஸ்கையின் பொதுப் பதிவுகளும், போடப் போட ஓடையாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆனால் திறந்திருக்கிறது என்பதற்காக அள்ளிவிடக் கூடாது. 2024 நவம்பரில் 10 லட்சம் புளூஸ்கை பதிவுகள் அடங்கிய ஒரு தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவுகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றப்பட்டு, பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. மாஸ்டடான் சமூகங்களில் இந்த உணர்வு இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி விதிப் பக்கம் உண்டு. அதைப் படித்துவிட்டு, நிர்வாகிக்கு ஒரு செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.

பணமும் நிறுவனப் பின்புலமும் இல்லாத தனி ஆய்வாளருக்கு நான் சொல்வது: தரவுக் கொடை. பெரிய தளங்களில் பயனர் தன்னுடைய தரவுத் தொகுப்பைத் தானே பதிவிறக்க முடியும். பங்கேற்பாளரிடம் அதைக் கேட்டுப் பெறலாம். கோரியதும் சில தளங்களில் சீக்கிரமே கிடைக்கும், சிலவற்றில் நாட்கள் ஆகும். அதனால் நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே கோரச் சொல்லுங்கள். அந்தத் தொகுப்பில் மற்றவர்கள் அனுப்பிய தனிச் செய்திகளும் இருக்கும். அந்தக் கோப்புறையை அவர் தன் கணினியிலேயே நீக்கிவிட்டு, மீதியை மட்டும் உங்களுக்குத் தரட்டும். உங்களிடம் வந்த பிறகு நீக்குவது என்றால், ஆய்வுக்கு அனுமதி தரும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளாது.

4. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் இவைதான்: ஆய்வுத் திட்டச் சுருக்கம், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், நேர்காணல் வழிகாட்டி, கேள்வித்தாள், ஆட்களைச் சேர்க்கப் போடும் பதிவின் சரியான வாசகம், தரவு மேலாண்மைத் திட்டம், உங்கள் ஆய்வு நெறியாளரின் கடிதம். கடைசி இரண்டைத் தான் எல்லாரும் தாமதமாக்குவார்கள்.

விண்ணப்பம் திரும்பி வரும் இடங்கள் தெரிந்தவைதான். ‘பொதுவில் இருக்கும் பதிவுதானே, ஒப்புதல் எதற்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும், திருப்பி அனுப்புவார்கள். பொதுவில் இருந்தாலும் எழுதியவர் ஆய்வுக்காக எழுதவில்லை. இணைய ஆய்வாளர் சங்கத்தின் நெறிமுறை வழிகாட்டி இதற்கு நல்ல துணை, இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் முடிவுக்கான காரணத்தை எழுதுங்கள்.

அடுத்தது மேற்கோள். ஒருவரின் பதிவை அப்படியே போட்டால், பெயரை மறைத்தும் பயனில்லை. அந்த வாக்கியத்தைத் தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார். புனைபெயரில் இயங்குபவருக்கு அந்தப் புனைபெயரே அடையாளம் என்பதையும் மறக்க வேண்டாம். பதிவுகளைச் சொல் மாற்றி எழுதுவேன், நேர்காணல் வரிகளை மட்டும் ஒப்புதலோடு அப்படியே தருவேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

தளம் மாறியவர்களில் தொல்லை தாங்காமல் ஓடி வந்தவர்களும் இருப்பார்கள். அதைப் பற்றிப் பேசும்போது ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று குழு கேட்கும். நிறுத்துவது எப்படி, எந்த உதவி எண்ணைத் தருவது, அந்தப் பகுதியை நீக்கச் சொன்னால் எந்தத் தேதி வரை நீக்க முடியும் என்று மூன்றுக்கும் பதில் இருக்கட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பது தனி விண்ணப்பம் போல விரியும். முதல் ஆய்வுக்கு அது வேண்டாம்.

கால அளவு: சுருக்கப் பரிசீலனை என்றால் சில வாரங்கள். முழுக் குழு கூட வேண்டுமென்றால் மாதங்கள். குழு எந்தத் தேதியில் கூடுகிறது என்று அலுவலகத்தில் கேட்டு, அதற்குக் கணிசமான நாள் முன்பே கொடுங்கள். ஒரு தளத்தின் பெயரை மட்டும் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், நாளை எல்லாரும் வேறு இடத்துக்குப் போகும்போது திருத்த விண்ணப்பம் போட வேண்டிவரும். ‘இதுவும் இதற்கு மாற்றாக மக்கள் பயன்படுத்தும் தளங்களும்’ என்று எழுதி வைத்தால் அந்த அலைச்சல் இல்லை.

5. ஆட்களைத் தேடும்போது

புதிய தளத்தில் மட்டும் அழைப்புப் பதிவு போட்டால், அங்கே போய்ச் சந்தோஷமாக இருப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். போய்ப் பார்த்துப் பிடிக்காமல் திரும்பியவர் அங்கே இல்லையே, எப்படி உங்கள் பதிவைப் பார்ப்பார்? அதனால் பழைய தளம், புதிய தளம், இரண்டுக்கும் வெளியே மின்னஞ்சல் குழுக்கள் என்று மூன்று பக்கமும் அழைப்பு போக வேண்டும்.

நகராமல் பழைய இடத்திலேயே இருப்பவர்களைக் கட்டாயம் சேருங்கள். போனவரிடம் இருந்த அதே கோபம் பல நேரம் இவர்களிடமும் இருக்கும். அப்படியானால் கோபம் மட்டும் ஆளை நகர்த்தவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த ஒப்பீடு இல்லாத ஆய்வில் வெளியேறியதற்கான காரணம் என்று எதைச் சொன்னாலும் அது பாதிதான்.

எத்தனை பேர்? ஒரே மாதிரியான ஒரு குழுவுக்கு 12 நேர்காணல்களிலேயே முக்கியக் கருத்துகள் பெரும்பாலும் வந்துவிட்டன என்று 2006இல் வெளியான ஒரு முறையியல் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். கவனியுங்கள், அது ஒரே மாதிரியான குழுவுக்கு. போனவர், இரண்டிலும் இருப்பவர், திரும்பியவர், நகராதவர் என்று நாலு குழு எடுத்தால் ஐம்பதை நெருங்கிவிடும். தனி ஆளாகச் செய்வதானால் இரண்டு குழுவோடு நிறுத்துங்கள்.

6. ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

இந்தத் துறையில் காரணங்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: பழைய இடத்திலிருந்து தள்ளுபவை, புதிய இடம் நோக்கி இழுப்பவை, இருக்கும் இடத்திலேயே பிடித்து வைக்கும் நங்கூரங்கள். ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றிய ஆய்விலிருந்து வந்த சட்டகம் இது. பகுப்பாய்வுக்கு நன்றாக உதவும். ஆனால் இதை அப்படியே கேள்வியாக்கி ‘எது உங்களைத் தள்ளியது’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் உங்கள் சட்டகத்தை உங்களுக்கே திருப்பிச் சொல்வார்.

காரணத்தை விட்டுவிட்டு நிகழ்வுகளைக் கேளுங்கள். இரண்டு கணக்குகளையும் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. புதிய கணக்கில் முதல் பதிவு எந்தத் தேதி? அந்த வாரம் பழைய இடத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? இந்தத் தளம் இருக்கிறது என்று யார் சொன்னார்? உள்ளே போனதும் முதலில் யாரைத் தேடினீர்கள், அவர் இருந்தாரா? பழைய செயலியைப் போனிலிருந்து எப்போது நீக்கினீர்கள், இல்லை இன்னும் வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் அசட்டுச் சிரிப்பில் நிறைய விஷயம் இருக்கும். அங்கே கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இப்படிக் கேட்டால் என்ன வேறுபாடு? ‘உரிமையாளர் மாறியது பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்’ என்பவரின் தேதிகளைப் பார்த்தால், கணக்கு தொடங்கியது அந்த வாரமே. முறையாகப் பதிவிடத் தொடங்கியதோ சில மாதம் கழித்து, கூட்டாளிகள் வந்து சேர்ந்த பிறகு. இரண்டும் உண்மைதான். கணக்கு தொடங்கியதற்கு ஒரு காரணம், தங்கியதற்கு வேறொரு காரணம். ‘ஏன்’ என்ற ஒற்றைக் கேள்வி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

இழந்தது என்ன என்றும் கேளுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை, பழைய புகைப்படங்கள், அங்கே மட்டும் இருக்கும் ஒரு உறவினர் குழு. நங்கூரங்கள் இந்தப் பதிலில்தான் வெளிவரும். ரசிகர் சமூகங்களின் தளமாற்றத்தை ஆராய்ந்து பிரியானா டிம், கேசி ஃபீஸ்லர் இருவரும் 2020இல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள். தனி ஆளாக இல்லாமல் சமூகமாக நகர்வதை எப்படி ஆராய்வது என்பதற்கு நல்ல மாதிரி.

7. கேள்வித்தாள் வேண்டுமானால்

நேர்காணலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம். ‘மாறும் எண்ணம் உண்டா’ என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லி, அதையே மாற்றமாகக் கணக்கிடும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. எண்ணம் வேறு, செயல் வேறு. குறைந்தபட்சம் சில மாதம் கழித்து அதே ஆட்களிடம் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் சுற்றில் கணிசமானோர் பதில் தர மாட்டார்கள், அதற்கும் சேர்த்து முதல் சுற்றில் ஆள் எடுங்கள்.

385 என்ற எண்ணை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். 95 சதவீத நம்பக அளவு, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்ற கணக்கில் வருவது அது. ஆனால் குலுக்கல் போல வாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த மாதிரிக்குத்தான் அது பொருந்தும். இணைப்பைப் பகிர்ந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு 385ஐக் காட்டினால் பயனில்லை.

கட்டணம் கொடுத்து ஆள் சேர்ப்பதானால், புரோலிஃபிக் போன்ற தளத்தில் பங்கேற்பாளருக்கு மணிக்குக் குறைந்தது 8 டாலர் தர வேண்டும், அதற்கு மேல் தளத்தின் தரகு தனி. 15 நிமிடக் கேள்வித்தாள், 300 பேர் என்றால் பங்கேற்பாளர் பங்கு மட்டும் 600 டாலர். இதற்குப் பணம் இல்லையென்றால் லைம்சர்வே, கோபோ டூல்பாக்ஸ் போன்ற கேள்வித்தாள் மென்பொருள்களில் நீங்களே தொடங்கலாம்.

8. எழுத்தாக்கமும் பகுப்பாய்வும்

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். இருபது நேர்காணல் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மென்பொருளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். ஒலிப்பதிவை வெளிச் சேவையில் ஏற்றுவதானால் ஒப்புதல் படிவத்தில் அது இருந்தாக வேண்டும். இரண்டு மொழி கலந்த பேச்சில் இயந்திரம் தடுமாறும், ஆகவே கேட்டுத் திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

நேர்காணலில் வந்த கருத்துகளை வகை பிரித்துக் குறியிட டாகெட், புள்ளியியலுக்கு ஜமோவி அல்லது ஆர், மேற்கோள்களைச் சேமிக்க ஸோடெரோ. எல்லாமே இலவசம். விலை கூடிய மென்பொருள் இல்லாததால் எந்த ஆய்வும் கெட்டுப்போனதாக நான் பார்க்கவில்லை.

9. காலமும் பணமும்

தனி ஆளாக, இரண்டு குழு, இருபது இருபத்தைந்து நேர்காணல், கொஞ்சம் தரவுக் கொடை என்றால் ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதலுக்கு மூன்று, ஆள் தேடிப் பேச மூன்று, எழுத்தாக்கிப் பகுத்து எழுத மூன்று. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பங்கேற்பாளரைத் தொடவே கூடாது. அப்போது விதிமுறைப் பக்கங்களைச் சேமிப்பது, வாசிப்பது, நண்பர்களிடம் கேள்விகளை ஒத்திகை பார்ப்பது ஆகியவற்றை முடித்துவிடலாம்.

பணத்தில் பெரும்பகுதி பங்கேற்பாளர் வெகுமதிக்குப் போகட்டும். அதை எந்த வடிவில் தரலாம் என்று நிதிப் பிரிவிடம் முதலிலேயே கேளுங்கள். புனைபெயரில் மட்டும் வந்த ஒருவரிடம் கையெழுத்திட்ட ரசீது வேண்டும் என்று அவர்கள் கேட்டால், பெயரை ரகசியமாக வைப்பேன் என்று நீங்கள் தந்த உறுதியே போய்விடும். ரசீதுகளையும் நேர்காணல் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

வெளியிடும் முன், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். ஆள் கிடைத்தால் வாசகத்தை மாற்றுங்கள். அப்புறம் ஒப்புதல் படிவத்தை எடுத்து, ஒலிப்பதிவுகளை எந்தத் தேதிக்குள் அழிப்பதாகச் சொன்னீர்கள் என்று பார்த்து, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காப்புப் பிரதி எடுத்து வைத்த வன்தட்டும் அந்தக் கணக்கில் சேரும்.